பேனா எழுதிச்சா?

இரண்டரை மணிக்கெல்லாம் எங்கள் தெருவில் குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். பிற்பகல் இரண்டரை அல்ல, அதிகாலை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வண்டி வந்து நிற்கும். டீக்கடையில் கால் வைக்க இடம் இருக்காது. சூரியன் தலைகாட்டும்போது ஊர் பாதி வேலையை முடித்திருக்கும். ஒன்பதரைக்கு முதல் சங்கு, பத்தரைக்கு இரண்டாவது சங்கு. அதோடு வெயிலடைப்பு. மாலை நாலரை வரைக்கும் தூத்துக்குடியில் ஒரு நாய்கூடத் தெருவில் இறங்காது. காலை பதினொரு மணிக்கு "குட் நைட்" சொல்லிக்கொண்டு ஜனங்கள் படுக்கப் போகிறார்கள். இதற்கெல்லாம் எல்லோரும் பழகிவிட்டோம். பழகாதது என் கைகள் மட்டும்தான்.

எனக்கு முடக்குவாதம். படுத்து எழுந்தால் விரல்கள், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் இறுகிப் போயிருக்கும். அவை இளகுவதற்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். வெயிலடைப்பு வராத காலத்தில் இந்த நோய்க்காரர்கள் காலையில் வெந்நீரில் கையை முக்கி வைத்துவிட்டு, நிதானமாகப் பத்து மணிக்கு ஆபீஸ் போனார்களாம். கேட்கவே பொறாமையாக இருக்கிறது. இப்போது பத்து மணி என்பது உலகம் ஷட்டரை இறக்கும் நேரம். என் விரல்கள் ஒருவழியாக இளகும்போது ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். நான் மட்டும் கட்டிலில் கிடந்து கையை மூடி மூடித் திறந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். கொடுக்கத்தான் ஆள் இல்லை.

வேலை நேரத்தை மாற்றித் தரும் ஆணை கேட்டு ஆபீசுக்குப் போன அன்றைக்கும் என் கணவர் துரைதான் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டார், தலையும் பின்னிவிட்டார். உப்பளத்தில் உப்பு வாரும் எந்திரம் ஓட்டுகிற மனிதர். அவர் பின்னினால் அது சடையாக இராது, தோணியில் மூட்டை கட்டிய கயிறு மாதிரி இருக்கும். ஆறு வருஷமாக அந்தக் கயிற்றோடுதான் ஊருக்குள் நடமாடுகிறேன்.

"எப்படி இருக்கியன்னு அந்த ஆபீசரம்மா கேட்டா என்ன சொல்லணும்?" என்று கேட்டார் துரை, ரப்பர் பேண்டைச் சுற்றியபடியே.

"முடியலன்னு சொல்லணும்."

"வாய் தவறி நல்லா இருக்கேன்னு சொல்லிரக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"மாத்திரை?"

"கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருக்கேன். எல்லாம் முடிஞ்ச பொறவுதான் போடுவேன்."

"சத்தியமா?"

"ஏங்க, நான் என்ன பச்சப் பிள்ளையா?"

இரண்டு தடவை ஏமாந்த மனிதருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

விஷயம் இதுதான். நான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் திருகாளராக இருக்கிறேன். எங்கோ இருந்த எவனோ ஒருவன் கணினிக்குள் புகுந்து ஊர்த் தண்ணீரை மூன்று நாள் நிறுத்தி வைத்த பிறகு, பெரிய வால்வுகளை மனிதர்கள் கையால்தான் திருக வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படி வந்த வேலை இது. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்ப்போம். விளக்கு எரிந்தால் எழுந்து போய்ச் சக்கரத்தைத் திருகுவோம். போன மாதம் ஒரு விடியலில் விளக்கு எரிந்தது, ஓடினேன், சக்கரத்தைப் பிடித்தேன். விரல்கள் மடங்கவில்லை. முழங்கையைக் கொடுத்து, நெஞ்சைக் கொடுத்து ஒருவழியாக மூடுவதற்குள் இரண்டு தெருக்களுக்கு உப்புத் தண்ணீர் போய்விட்டது. அன்றைக்கு அந்தத் தெருக்களில் உலையில் பொங்கிய சோறெல்லாம் கரித்தது.

ஷிப்ட் தலைவர் எட்வின் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"பியூலா, பின்வெயில் ஷிப்ட்ல ஒரு எடம் காலியாத்தான் கெடக்கு. சாயங்காலம் அஞ்சுக்கு வந்தா உன் கை நல்லா ஓடும். எனக்குத் தெரியும். ஆனா நேரமாற்று ஆணை இல்லாம அந்த நாற்காலில ஒன்ன உக்கார வச்சேன்னா என் சீட்டு கிழிஞ்சிரும். ரெண்டு தடவ போயிட்டு வந்துட்ட. மூணு தடவதான் சட்டத்துல. இந்தத் தடவையும் பேனா எழுதலன்னா, நான் என்ன செய்ய, சொல்லு?"

அவர் ஒன்றும் செய்ய முடியாது. வேலை போய்விடும், அவ்வளவுதான். சோற்றுக்குக் கஷ்டம் வராது, துரையின் சம்பளம் போதும். ஆனால் ஒரு ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிற கை என்னுடையது. அதையும் பறித்துக்கொண்டால், கொக்கி மாட்டிவிட ஆள் தேடுகிற கையாக மட்டும்தான் அது மிஞ்சும். அதை நினைத்தால் எனக்கு அழுகை வரும். இப்போதும் வருகிறது.

பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் டாக்டர் சர்ட்டிபிகேட் போதுமாக இருந்தது. அதை விலைக்கு விற்றார்கள். பிறகு ரத்தத்தில் அளக்கும் கருவி வந்தது. அது வீக்கத்தை அளந்ததே தவிர வேதனையை அளக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. விண்ணப்பிப்பவரின் வலியை அதிகாரி ஒருவர் தம் உடம்பில் வாங்கி உணர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரிக்குப் பெயர் வலியுணர் அலுவலர். ஊர் வைத்த பெயர் சுமைதாங்கி. இரண்டு பேர் பிடரியிலும் ஒரு வில்லையை ஒட்டி நடுவே நரம்புப்பாலம் போடுவார்கள். ஏழு நிமிடம் ஓடும். வலி இரண்டு பக்கமும் இருந்தால் எதிரொலித்து அளவு கெட்டுப்போகுமாம், அதனால் கொடுப்பவர் பக்கத்தை அந்த நேரம் அடைத்துவிடுவார்கள். அந்த ஏழு நிமிடத்துக்குள்தான் கையெழுத்து. அதிகாரி பிடித்திருக்கும் பேனாவுக்கும் பாலத்துக்கும் தொடர்பு உண்டு. பாலத்தில் வரும் வலி சட்டம் சொன்ன எல்லையைத் தாண்டினால்தான் மை இறங்கும். இல்லாவிட்டால் வறட்டு முனை தாளைக் கீறும். அதனால்தான் எங்கள் ஊரில் ஆணை கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. பேனா எழுதிச்சா என்றுதான் கேட்பார்கள்.

முதல் தடவை போனபோது, காலையில் பஸ் ஏற வேண்டுமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். ஆபீசுக்குப் போகிறோம் என்று தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் வேறு. சுமைதாங்கியம்மா ஆவுடைச்செல்விக்கு முப்பது வயதுதான் இருக்கும். "எப்படி இருக்கிய?" என்று கேட்டாள். "நல்லா இருக்கேன் மேடம், நீங்க எப்படி இருக்கிய?" என்றேன். வேறு என்ன சொல்வது? பிறந்ததிலிருந்து அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறோம். அது பதிவாகிவிட்டது. பேனாவும் எழுதவில்லை. 'விண்ணப்பதாரர் தாம் நலமாக இருப்பதாகத் தாமே தெரிவித்தார்' என்று பதில் வந்தது. துரை அதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார், பிறகு நாலாக மடித்து அலமாரியில் வைத்தார்.

இரண்டாம் தடவை மாத்திரை போடாமல்தான் போனேன். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. எனக்கு முன்னால் போனவர் வெளியே வந்தார். உள்ளே ஆவுடைச்செல்வி சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிடத் திரும்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பிள்ளைக்கு என் வேதனையையும் கொண்டுபோய்க் கொடுப்பதா? கைப்பையில் இருந்த மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டேன். அது வேலை செய்யட்டும் என்று எனக்குப் பின்னால் இருந்த ஆளை முன்னால் அனுப்பினேன். பேனா எழுதவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் துரைக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

இது மூன்றாம் தடவை. ஆட்டோவில் இருந்து துரை என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார். கைகள் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மரக்கட்டைகளாகத் தொங்கின. ஆறு மணி அழைப்பு. துரை காத்திருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவை முழங்கையால் தள்ளி உள்ளே போனேன்.

ஆவுடைச்செல்வி டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை விரல்களால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, அணைத்தபடி உயர்த்திக் குடித்தாள். எனக்குத் திக்கென்றது. நான் அப்படித்தான் குடிப்பேன். முடக்குவாதக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம்.

"உக்காருங்கக்கா," என்றாள். "எப்படி இருக்கிய?"

நாக்கின் நுனிவரை வந்ததைக் கடித்து நிறுத்தினேன். "முடியல மேடம். சுத்தமா முடியல."

அவள் தலையாட்டினாள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் கேட்டு அவளுக்கு நாளாகியிருக்க வேண்டும். வில்லையை ஒட்ட எழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிழவிபோல எழுந்தாள். என் கை என்னை அறியாமல் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டைக்குப் போனது. முடிச்சை அவிழ்க்க விரல் வராமல் பல்லால் இழுத்தேன்.

"அத முழுங்காதிய," என்றாள் ஆவுடைச்செல்வி.

திருட்டுப் பூனைபோல உட்கார்ந்திருந்தேன்.

"போன தடவையும் இப்படித்தான் செஞ்சிய. எனக்குத் தெரியும். பாதிப் பேரு அப்படித்தான் வாராவ. அந்தப் பிள்ள பாவம்னு மாத்திரயப் போட்டுட்டு வந்து உக்காந்திருதாவ. பாலத்துல ஒண்ணும் வராது. நான் பேனாவ வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாப்பேன். எழுதாது. வெறுங்கையோட அனுப்புவேன். ஊரை ஏமாத்துத ஒருத்தன் பல்வலியப் பத்து நாளு வைத்தியம் பாக்காம வளத்துக் கொண்டாருவான். அவனுக்குப் பேனா சரசரன்னு எழுதும்."

"ஒங்க கையப் பாத்தேன். அதான் மேடம்..."

"என் கையா?" அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "பாலம் நின்னாலும் உடம்பு மறக்க மாட்டேங்கு. கையில கொஞ்சம், முதுகுல கொஞ்சம்னு தங்கிருது. நானும் வேல நேரத்தக் கொறைக்க ஆணை கேட்டேன்க்கா. ஒரு நாளைக்குப் பாதிப் பேரப் பாக்குதேன்னு கேட்டேன். திருநவேலில இருந்து ஒரு ஆபீசர் வந்து எனக்குப் பாலம் போட்டாரு. பேனாவும் எழுதிச்சு."

"அப்புறம் என்ன?"

"மேலிடத்துல தள்ளிட்டாவ. உனக்குள்ள இருக்கது உன் வலி இல்ல, வந்தவங்களோடது. அதுக்கு அவங்களுக்கு ஏற்கெனவே ஆணை குடுத்தாச்சுன்னு எழுதிட்டாவ."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, அவனைப் பிடித்து எங்கள் இருவர் நடுவிலும் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"பேனா எழுதின அன்னைக்கு வீட்டுக்குப் போயித் தூங்கிருவேன்," என்றாள். "எழுதாத அன்னைக்குத்தான் தூக்கம் வராது. அதனால பாவம் பாக்காதிய. குடுங்க."

இருவர் பிடரியிலும் வில்லையை ஒட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

நான் எதிர்பார்க்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் மாத்திரையின் மந்தத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஆறு வருஷமாக ஓடிய மோட்டார் நின்ற மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. கையைத் தூக்கினேன், தூக்க முடிந்தது. விரலை மடக்கினேன், மடங்கியது. அழக்கூட மறந்துவிட்டேன். நான் செய்த முதல் காரியம் வெட்கக்கேடானது. துரை கட்டிய ரப்பர் பேண்டை உருவி எறிந்து, கூந்தலைப் பிரித்து, மூன்று காலாக எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இழுத்து, மடக்கி, இறுக்கி. எதிரே ஒருத்தி என் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பேனா தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ஆவுடைச்செல்வியின் முகம் வெளுத்திருந்தது. அவள் இரண்டு மணிக்கட்டாலும் பேனாவைக் கவ்வி எடுத்து மேஜையில் போட்டாள். விரல்களுக்கு நடுவே செருகப் பார்த்தாள். அது உருண்டது. மறுபடி செருகினாள். மறுபடி உருண்டது.

"கைவலிக்காரவிய வந்தாலே இதான் தொல்ல," என்றாள், மூச்சு வாங்க. "பேனாவப் புடிக்க முடிஞ்சா வலி எல்லையத் தாண்டாது. எல்லையத் தாண்டிச்சுன்னா பேனாவப் புடிக்க முடியாது. இத யாரும் யோசிக்கல. எவ்வளவு நேரம் இருக்கு?"

சுவரில் இருந்த எண்கள் இரண்டு நிமிடத்துக்கும் கீழே போய்விட்டன. பாலம் ஓடும்போது விண்ணப்பதாரர் இருக்கையை விட்டு எழக் கூடாது என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது. மூன்றாவது தடவை. இதோடு சரி. எனக்கு வேண்டிய கையெழுத்து அந்த மேஜையில் உருண்டுகொண்டிருந்தது. சாயங்கால நாற்காலி, சக்கரம், ஊர்த் தண்ணீர் எல்லாம் அந்தப் பேனாவோடு உருண்டன.

"எழுந்திருச்சா பாலம் நின்னுருமா?" என்று கேட்டேன்.

"நிக்காது. பேனா யார் கையில இருக்குன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

பாதிச் சடையை விட்டுவிட்டு எழுந்தேன். மேஜையைச் சுற்றிப் போய் அவள் பின்னால் நின்று, பேனாவை அவள் விரல்களுக்கு நடுவே வைத்து, அந்தக் கையை என் கையால் மூடிப் பிடித்தேன். கை கொதித்தது. அந்தக் கொதிப்பை நான் அறிவேன். அது என்னுடையது. வெளியில் இருந்து தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். இப்படியா இருந்தது? இதோடுதானா நான் தினமும் சக்கரம் திருகினேன்? நான் அழுத்தியபோது அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கையை எடுத்துவிடப் பார்த்தேன்.

"விடாதிய," என்றாள். "எழுதுங்க."

எழுதினோம். அவள் பெயர் நீளம். ஆவுடை வரைக்கும் போவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மை இறங்கியது. கறுப்பாக, தடிமனாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் கோணல்மாணலாக இறங்கியது. கடைசி எழுத்தின் சுழியைப் போட்டு முடிக்கவும் மணி அடித்தது. அப்படியே அவள் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வந்தன, தங்கள் சாமான்களோடு.

பிறகு அவள் தாளை இழுத்துப் பார்த்துவிட்டு, "எழுதிருச்சுக்கா," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். வலியா, சந்தோஷமா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"ஒனக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" மேடம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும். பொறவு கொறையும்." உள்ளங்கைகளுக்கு நடுவே டம்ளரைத் தூக்கினாள். அதில் ஒன்றும் இல்லை. கீழே வைத்தாள். "எனக்கு ஒரு உதவி செய்யிங்க. வெளிய இருக்கவங்ககிட்ட மாத்திர போட வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா கேக்க மாட்டாவ. நீங்க சொன்னா கேப்பாவ."

வெளியே வந்தேன். துரை எழுந்து நின்றார்.

"பேனா எழுதிச்சா?"

தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி என் தோளில் கிடந்த பாதிச் சடையைப் பார்த்துவிட்டார். மேல் பாதி என் கையால் பின்னியது, நெருக்கமாக, நேராக இருந்தது. கீழே பிரிந்து தொங்கியது. அவர் சடையின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

துரைக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்து ஆளாக இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் மூட்டை சுமந்த தோள். முதுகைச் சாய்க்க முடியாமல் நாற்காலி விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் புதுத் திருநீறு. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் பிரித்து எடுத்த மாத்திரை.

"உள்ள அதே பிள்ளதானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"போன தடவ பாத்தேன். ஒடம்பு சொகமில்லாத மாதிரி இருந்துச்சு. பாவம், நம்ம முதுகு வேற எதுக்குன்னு..." மாத்திரையைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கு அந்தப் பிள்ளைக்கு?"

டம்ளரை அணைத்துப் பிடித்த அந்தக் கைகள் என் கண்முன் வந்தன. கொதித்த அந்த விரல்கள். அடுத்த ஏழு நிமிடத்தில் இந்த மனிதரின் முதுகுவலியும் அவள்மேல் ஏறப்போகிறது.

"நல்லா இருக்கா," என்றேன். "மாத்திரய உள்ள வைங்க அண்ணாச்சி."

அவர் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார்.